அண்ணன் போனுக்கு வந்த ஆறு எண்கள்

பிரகதாம்பாளுக்குக் கடிதம் என்று ஒன்று வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதனால்தான் தபால்காரர் திருவரங்குளம் கால்நடை மருந்தகத்து வாசலில் நின்று, "பிரகதாம்பாள் யாருங்க?" என்று கேட்டபோது, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் உடனே வாய் திறக்கவில்லை. அது தன் பேர்தான் என்று உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த ஊரில் அவளை எல்லாரும் மாட்டாஸ்பத்திரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை.

"என்னாக்கா, மாப்பிள்ளை வீட்டுக் கடுதாசியா?" என்றான் மாட்டுக்காரன் அய்யப்பன்.

"ஆமா, ஒன் மாட்டப் பொண்ணு கேட்டு வந்திருக்கு. இந்தா, கயித்த ஒழுங்காப் புடிடா."

சிரித்துக்கொண்டேதான் உறையை வாங்கினாள். ஆனால் விலாசத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த மணமேல்குடி மருந்தகத்து விலாசம் அது. அதை யாரோ பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்திலேயே திருவரங்குளம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அங்கே எத்தனை நாள் எந்த மேஜைமேல் கிடந்ததோ! உள்ளே முழுக்க இங்கிலீஷ். டாக்டர் ரகுநாத்திடம் கொண்டுபோய் நீட்டினாள்.

டாக்டர் படித்தார். நெற்றி சுருங்கியது.

"வருமான வரி ஆபீசுலேருந்தும்மா. ஒங்க பேர்ல எவனோ கணக்குத் தாக்கல் பண்ணி, புடிச்ச வரியத் திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கான். கேட்டது நீங்கதானா, வேற ஆளான்னு உறுதிப்படுத்தச் சொல்றாங்க. முப்பது நாள் டைம். நாளன்னிக்கோட முடியுது."

"நான் அந்தப் பக்கமே போனதில்ல சார். சம்பளத்துலேயே புடிச்சிக்கிறாங்களே."

"தெரியும்மா. எவனாவது ஏஜென்ட் ஒங்க பான் கார்டு ஜெராக்ஸ வச்சு வெளையாடியிருப்பான். ஆனா நீங்க பதில் சொல்லலேன்னா, இந்தப் பொய்க்கணக்கு நீங்களே குடுத்ததுன்னு ஆயிரும். கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கீங்க. அப்புறம் விசாரணை, சஸ்பெண்டுன்னு இழுத்துக்கிட்டுப் போகும்."

சஸ்பெண்டு. அவளுக்கு இது வெறும் வேலையா? அவள் புருஷன் அறிவுச்செல்வன் இதே துறையில் உதவியாளராய் இருந்து, முப்பத்தொன்பதாம் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, கருணை அடிப்படையில் அவளுக்கு வந்த வேலை. ஒரு போட்டோவும் இந்த வேலையும்தான் அவன் விட்டுப்போனவை. காலையில் மருந்தகத்தைத் திறக்கும்போதெல்லாம், அவன் தொட்ட பூட்டைத் தொடுவதாகவே அவளுக்குத் தோன்றும். பூட்டு வேறு, ஊர் வேறு என்று தெரியாதா என்ன? தெரிந்தும் அப்படித்தான் தோன்றும்.

"அப்படி என்ன சார் எழுதியிருக்கான் பொய்யி?"

டாக்டர் விரலை ஓட்டினார். "வீட்டுக் கடன் வட்டி… அப்புறம் ரெண்டு பிள்ளைங்களோட ஸ்கூல் பீஸ்…" சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையில்லாதவள் என்று அவருக்குத் தெரியும்.

பிரகதாம்பாள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். "பொண்ணா பையனான்னு போட்டிருக்கா சார்?"

"அதெல்லாம் போட மாட்டாங்கம்மா."

அன்று சாயங்காலம் தன் ஒற்றை அறை வீட்டில் ஒரு கைப்பிடி அரிசியைக் களைந்து உலையில் போட்டவள், அப்படியே அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முகம் தெரியாத ஒரு திருடன் அவளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறான்! தெய்வம் கொடுக்காததைத் திருடன் கொடுத்தான். என்ன வகுப்புப் படிக்கும் அதுகள்? பெரியவன் ஒன்பதாவது இருப்பானோ? சின்னவளுக்கு இரட்டைச் சடை பின்ன வேண்டியிருக்குமோ? சோறு குழைந்து வழிந்து அடுப்பு அணையும்வரை அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, கடைவீதியில் அருணா நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். அருணா கெட்டிக்காரி. பட்டா, வருமானச் சான்று, ரேஷன் அட்டை என்று ஊர்க்காரர்கள் காகிதமெல்லாம் அவள் விரல் பட்டுத்தான் நகரும். நோட்டீசைப் படித்தாள், தட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, ஒங்க பேர்ல இருக்கிற கணக்க அந்தத் திருட்டுப்பய அவன் போன் நம்பர்ல தொறந்து வச்சிருக்கான். அதை நாம கைப்பத்தணும். ஆதார்ல இருக்கிற போன் நம்பருக்கு ஆறு எண்ணு வரும். அதைப் போட்டா நீங்கதான் நீங்கன்னு ஒத்துக்கும். கடைசி மூணு எண்ணு காட்டுது பாருங்க. நாலு நாலு ஒண்ணு. ஒங்க நம்பர் அது இல்லையே?"

பிரகதாம்பாள் குனிந்து திரையை இன்னொரு தடவை பார்த்தாள்.

"அது எங்க அண்ணன் நம்பரு."

"நல்லதாப் போச்சு! போனப் போடுங்க."

நல்லதாய்ப் போகவில்லை என்பது அருணாவுக்கு எப்படித் தெரியும்?

மணமேல்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஆதார் முகாம் போட்ட வருஷம், புருஷனை இழந்து பிரகதாம்பாள் அண்ணன் ஆத்மநாதன் வீட்டில் ஒண்டியிருந்தாள். அந்த வீட்டுக்கே ஒரே ஒரு செல்போன். அதுவும் அண்ணன் சட்டைப்பையில். பள்ளிக்கூடத்து மரத்தடியில் நம்பர் கேட்டபோது, "எல்லாத்துக்கும் என் நம்பரையே போடுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் ஆத்மநாதன். வீட்டில் ஏழு பேருக்கும் அந்த நம்பர். போன் இல்லாத எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தெருவில் பாதிப்பேருக்கும் அந்த நம்பர்தான். அன்றைக்கு அது பெருமை. பிறகு ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டார்கள். பிரகதாம்பாளுக்கு அந்த நினைப்பே வந்ததில்லை.

அண்ணன் மகள் சுடர்விழி அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு மயில்கழுத்துப் பட்டெடுத்துக் கட்டிக்கொண்டு ஓடினாள். மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அவர்கள் வகையில் அத்தையின் உரிமை. பெண்ணின் கையைப் பிடித்தும்விட்டாள். அப்போதுதான் ஆத்மநாதன் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ சமையக்கட்டுப் பக்கம் இரு ஆத்தா. சம்பந்தி வீட்டுல ஒரு மாதிரியாப் பேசுறாங்க."

அவள் போனாள். தாலி ஏறும்வரை சாம்பார் அண்டாவின் ஆவியில் நின்றாள். கெட்டிமேளம் ஓய்ந்ததும் நேரே மண்டபத்து நடுவில் வந்து, அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி சொன்னாள். "தாலியறுத்தவ நெழலு ஆகாதுன்னா அவ ஒறவும் ஒங்களுக்கு ஆகாது. இன்னியோட எனக்கு அண்ணன் இல்ல!"

ஆத்மநாதனும் விடவில்லை. "எனக்கும் தங்கச்சின்னு ஒருத்தி பொறக்கல. போ!"

ஏழு வருஷம். அவள் மணமேல்குடியிலிருந்து நாலு வருஷம் கேட்டுக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்ததே அதனால்தான். இன்றைக்கு, அவள் அவள்தான் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறார். அவர் அப்படி ஒருத்தி பிறக்கவேயில்லை என்று சொன்னவர்!

"ஆதார் நம்பர மாத்திக்கிட்டு வர முடியாதா அருணா?"

"மாத்தலாம். ஆனா அது ஏறுறதுக்கு நாளாகும்க்கா. நமக்கு நாளைக்கு வரைக்கும்தான் இருக்கு."

எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாக அமுக்கியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? பேரு கெடையாதா?"

"பிரகதாம்பாள் பேசுறேன். திருவரங்குளத்துலேருந்து."

அவள் கடகடவென்று விஷயத்தைச் சொல்லி முடித்தாள். எங்கே நிறுத்தினால் அழுதுவிடுவோமோ என்ற பயம்.

"போனுக்கு வர்ற நம்பர எவன் கேட்டாலும் குடுக்காதேன்னு டிவியில தெனம் சொல்றான்" என்றார் ஆத்மநாதன். "நீ பிரகதாம்பாள்தான்னு எனக்கு என்ன நிச்சயம்? அப்பா செத்த கெழமை என்ன, சொல்லு?"

"செவ்வாக்கெழமை. மொட்டை போட மாட்டேன்னு நீங்க நாவிதரத் தள்ளிவிட்டு வைக்கப்போருக்குள்ள போயி ஒளிஞ்சீங்க. நான்தான் காட்டிக்குடுத்தேன்."

"சரி, அனுப்பச் சொல்லு."

அருணா தட்டினாள். அண்ணன் ஒவ்வொரு எண்ணாய் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தப்பு என்றது கம்ப்யூட்டர். மறுபடி அனுப்பினாள். இம்முறை இன்னும் நேரம் எடுத்தது. "மூணு… இல்ல, எட்டு… அப்புறம் ஆறு…" அதுவும் தப்பு.

"இன்னொரு தடவ தப்பாச்சுன்னா இன்னிக்குப் பூட்டிக்கும்க்கா" என்று கிசுகிசுத்தாள் அருணா.

"அண்ணே, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாக்குறீங்களா?"

"கண்ணாடிக்கு என்ன? போன் டிஸ்ப்ளே போயிருச்சு. எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது."

"அண்ணிகிட்டக் குடுங்க."

"அவ சிங்கப்பூருல இருக்கா. சுடருக்குப் பிள்ளைப்பேறு."

"அப்ப பக்கத்துல யாராச்சும்—"

"ஊரக் கூட்டச் சொல்றியா?" குரல் உயர்ந்தது. அந்த உயர்ந்த குரலுக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடியது. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? டிஸ்ப்ளேவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நாளைக்குக் காலையில நானே வாரேன்" என்றாள்.

"வர வேணாம்." போன் அணைந்தது.

இரவெல்லாம் புரண்டாள். வர வேண்டாம் என்ற வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? போகாவிட்டால், அறிவுச்செல்வன் விட்டுப்போன வேலையை எந்த முகத்தோடு இழப்பது? விடிந்ததும் ஆலங்குடி போய், அறந்தாங்கி போய், அங்கிருந்து மணமேல்குடி பஸ் ஏறினாள். ஜன்னலோரத்தில் உப்புக்காற்று அடிக்கத் தொடங்கியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டு வாசற்கதவு சும்மா சாத்தியிருந்தது. பட்டப்பகலில் உள்ளே டியூப்லைட் எரிந்தது. ஆத்மநாதன் அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு இளைத்துவிட்டார்! காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தபடி கேட்டார்.

"யாரு?"

"நான்தாண்ணே."

"வர வேணாம்னேன்ல."

"நேரம் முடியப்போகுது. அதான்."

மேஜைமேல் மாத்திரை அட்டைகள் சிதறிக் கிடந்தன. அவர் வலது கைப் பெருவிரலில் புதிதாய்ச் சுட்ட புண். அடுப்பு.

"சக்கரைதானே? கண்ணுக்கு எறங்கிருச்சா? மாத்திரைய எப்படிப் பாத்துப் போடுறீங்க?"

"தடவுனா தெரியும். பெருசு காலையில, சிறுசு ராத்திரி."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"பிள்ளை பொறந்து மாசம் ஆகல. சொன்னா அடுத்த பிளேன் ஏறி வந்துருவா. நீ யாருகிட்டயும் சொல்லிக்கில்லி வச்சிராத."

"நான் யாருகிட்டண்ணே சொல்லப் போறேன்?"

குத்திக்காட்டுவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே யாருமில்லை. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மாத்திரை அட்டைகளைத் தடவித் தடவி ஓரமாக ஒதுக்கினார்.

அவள் அருணாவுக்குப் போன் போட்டாள். "அனுப்பு."

சட்டைப்பையில் மணி ஒலித்தது. பித்தான் வைத்த பழைய போன். ஆத்மநாதன் அதை எடுத்து, அவள் குரல் வந்த திசையில் நீட்டினார். அவள் வாங்கினாள். ஆறு எண்கள். யாரோ எங்கோ உட்கார்ந்து, நீ நீதானா என்று கேட்டு அனுப்பிய ஆறு எண்கள். ஒவ்வொன்றாய்ப் படித்தாள்.

"உள்ள போயிருச்சுக்கா!" என்று கத்தினாள் அருணா. "இந்தக் கணக்கு நீங்க குடுத்ததான்னு கேக்குது. இல்லைன்னு போட்டுடவா?"

ஒரே ஒரு நொடி. இரட்டைச் சடை கண்ணுக்குள் ஆடிப் போயிற்று.

"இல்லைன்னு போடு. வீடும் இல்ல, பிள்ளைங்களும் இல்லைன்னு போடு."

ஆத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. எதிர்வீட்டுக்குப் புதிதாய் வாழ வந்த பெண் ஒரு தூக்குவாளியோடு எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, கொழம்பு கொண்டாந்தேன். யாரு, விருந்தாளா?"

பிரகதாம்பாள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அரசாங்கம் ஒத்துக்கொண்டுவிட்டது. இனி இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே வார்த்தை.

"போனு ரிப்பேரு பாக்க வந்த பொண்ணு" என்றார் ஆத்மநாதன்.

தங்கை என்றால் கேள்வி வரும். ஏன் இத்தனை நாள் வரவில்லை, இப்போது ஏன் வந்தாள், எண்ணை ஏன் நீங்களே படிக்கவில்லை என்று கேள்வி வரும். அதற்குப் பயந்து சொன்னாரா, ஏழு வருஷத்துக் கோபத்தில் சொன்னாரா? அவளுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண் வாளியை வைத்துவிட்டுப் போகும்வரை சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையில் இருந்த போனை நிமிர்த்தினாள்.

"ரிப்பேருக்குன்னு வந்தாச்சு. பாத்துக் குடுத்துட்டே போறேன்."

ஏதேதோ அமுக்கினாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுட்ட விரலைத் தவிர்த்துவிட்டு ஆட்காட்டி விரலைப் பிடித்துப் பித்தான்கள்மேல் வைத்தாள்.

"நடுவுல அஞ்சு. அதும்மேல சின்னதா ஒரு மேடு இருக்கும். தட்டுப்படுதா?"

"ம்."

"அத அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்தா எனக்கு அடிக்கும்."

"எனக்கு எதுக்கு அது?"

"இருக்கட்டும்."

அவர் விரல் அந்த மேட்டைவிட்டு எழவில்லை. ஆனால் வாய் சொன்னது வேறு. "நீ மொதல்ல ஆதார்ல நம்பர மாத்து. ஒனக்கு வர்றத நான் எத்தன நாளைக்கு வாங்கி வச்சிக்கிட்டு இருப்பேன்?"

அவள் குழம்பைச் சட்டியில் ஊற்றி மூடினாள். காலை மாத்திரையை ஒரு டப்பாவிலும் இரவு மாத்திரையை இன்னொன்றிலும் பிரித்துப் போட்டு, இரவு டப்பாவின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, அவர் கையில் கொடுத்துத் தடவச் செய்தாள். "வாரேண்ணே" என்றாள். திரும்பிப் பார்த்தபோது, அவர் டியூப்லைட்டுக்கு நேராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் டாக்டர் ரகுநாத் கூப்பிட்டார். "பதில் ஏத்துக்கிட்டதா வந்திருச்சும்மா. இனிமே ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராது." அவள் கைகூப்பினாள். வேலை நிலைத்துவிட்டது. இந்த நல்ல சேதியை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல நெஞ்சு முட்டியது. மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊசி போட வந்த ஒரு கன்றுக்குட்டியின் காதருகே குனிந்து, "தப்பிச்சிட்டேன்டி" என்றாள்.

போன் மட்டும் அடிக்கவில்லை. குளிக்கப் போகும்போது பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தலையணைக்கு அடியில் வைத்தாள். ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனதற்காக, யாரோ செத்ததுபோல் பதறினாள். நாள் பன்னிரண்டாயிற்று.

ஆதாரில் தன் எண்ணைப் போட்டுக்கொள்ள அருணாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆலங்குடி போனாள். விரல் வைத்து, கண் காட்டி, காகிதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அருணா கேட்டாள்.

"அண்ணன் நம்பரே இருக்கட்டும்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா. போக வர ஒரு சாக்கு இருக்குமில்ல?"

"அதுக்குத்தான் மாத்துனேன்" என்றாள் பிரகதாம்பாள். "அன்னிக்கு நான் நம்பருக்காகத்தான் வந்தேன்னு அவரு நெனச்சிக்கிட்டு இருக்காரு. அது நெசமும்தான். அடுத்த தடவ போனா அப்படி நெனைக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் மணமேல்குடி பஸ் புறப்படக் காத்திருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். புதுக்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் ரகுநாத் சார் நாள் கேட்டு வைத்திருக்கிறார். அண்ணன் வருவாரா? கதவைத் திறப்பாரா? எதிர்வீட்டுப் பெண் மறுபடி எட்டிப் பார்த்தால் இந்தத் தடவை யாரென்று சொல்வார்? ஒன்றும் தெரியாது. வருவதாக அவள் போன் பண்ணவும் இல்லை; வர வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் கொடுப்பானேன்?

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கம்மா போகணும்?"

"மணமேல்குடி. எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றாள். ஊர்ப் பேரோடு நிறுத்தியிருக்கலாம்.